ஹாலிஎலக்காரரின் கதைகளை ஹாலிஎல வாசிக்க வேண்டும்

அண்மையில் வாசித்ததில் பிடித்த புத்தகம் எது என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் ஒரே பெயரைத்தான் சொல்கிறேன்: தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’. ஜெயமோகன் தேர்ந்தெடுத்துத் தொகுத்த இந்தச் சிறுகதை நூலைச் சென்னை நற்றிணை பதிப்பகம் 2013இல் வெளியிட்டது. கதைகளோ அதைவிடப் பழையவை. பல கதைகள் இன்றைய கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் பிறப்பதற்கு முன்பே பத்திரிகைகளில் வந்துவிட்டவை. அவற்றை முழுமூச்சாக வாசித்து முடித்தபோது, இதை ஊரில் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இந்த எழுத்தாளர் பிறந்தது ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊவாகட்டவளைத் தோட்டத்தில்.

இதை ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் இளைஞர்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். தெளிவத்தை என்பது அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர். ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் அங்கே இருந்த காலத்தில் எழுதத் தொடங்கியதால் அந்தத் தோட்டத்தின் பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. பிறந்த தோட்டத்தின் பெயர் பின்னால் போய்விட்டது. கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கொண்டாடினார்கள், கொழும்பில் மாலை போட்டார்கள். 2022 ஒக்டோபர் 21ஆம் திகதி அவர் காலமானபோது தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் இணைய இதழ்களும் பக்கம் பக்கமாக எழுதின. ஊவா மாகாணத்தில் பிறந்து தமிழ் இலக்கியத்தில் இத்தனை பெரிய இடத்தைப் பிடித்த இன்னொருவரைச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. அவருடைய ஒரு கதையைக்கூட வாசிக்காமல் ஊவாவில் ஒரு தமிழ்ப் பிள்ளை உயர்தரம் முடித்து வெளியேற முடிகிறது. என் மனக்குறை இதுதான்.

அவர் பிறந்தது 1934 பெப்ரவரி 16. தகப்பனார் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். அந்தப் பாடசாலையிலேயே படித்து, பிறகு கும்பகோணத்தில் மூன்று ஆண்டு படித்து, திரும்பி வந்து பதுளை சென் பீட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். கொஞ்சம் வசதியிருந்த தோட்டத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கடல் கடந்து படிக்க அனுப்புவது அந்தக் காலத்தில் புதுமை அல்ல. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடியது; போவதும் வருவதும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு இடையில் நடப்பது போலத்தான் இருந்தது. அவருக்குப் பதினான்கு வயதானபோது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். அந்தப் ‘பிறகு’ 1974இல் வந்தது. ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். ஜோசப் எழுத வந்தது இந்தக் காலத்தில்தான். அவருடைய கதைகளில் வரும் மனிதர்களில் பலருக்கு நாளை எந்த நாட்டில் விடியும் என்று தெரியாது. என்றாலும் அவர்கள் காலையில் எழுந்து கொழுந்து பறிக்கப் போகிறார்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள், பக்கத்துக் காம்பராவோடு சண்டை பிடிக்கிறார்கள், தேர்த் திருவிழாவுக்குக் காசு சேர்க்கிறார்கள்.

தலைப்புக் கதையான ‘மீன்கள்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த மகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்க வேண்டிய தகப்பனின் கதை அது. இருட்டில் நடக்கும் ஒரு தவறுதலும், அது அவனுக்குள் மூட்டும் கூச்சமும், இன்னொரு வீடு கேட்டு அவன் படும் பாடும்தான் கதை. முழுவதையும் சொல்லி வாசிப்பைக் கெடுக்க விரும்பவில்லை. லயத்தில் வளராத வாசகர்களுக்காக ஒன்றை மட்டும் விளக்குகிறேன்.

லயக் காம்பரா என்று ஏட்டில் எழுதுவது பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, உள்ளே ஒரே அறை. அடுப்பு இஸ்தோப்பின் மூலையிலோ, பிற்காலத்தில் பின்பக்கம் இறக்கிக் கட்டிய தகரக் குசினியிலோ இருக்கும். புகை போக வழியில்லாததால் கூரைத் தகரம் உட்புறம் கரி பிடித்து மினுங்கும். பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினால்தான் பகலில் நடக்க இடம் கிடைக்கும். இரவில் யார் எந்தப் பக்கம் தலைவைப்பது என்பதில் மாறாத ஒழுங்கு ஒன்று உண்டு: சுவரோரம் பாட்டி, அடுத்தது பெண் பிள்ளைகள், பிறகு அம்மா, வாசல் பக்கம் அப்பா. குறுக்கே கயிறு கட்டிப் பழைய சேலையைத் தொங்கவிட்டால் அது சுவர். மகளுக்குப் பரீட்சை என்றால் விளக்கின் ஒரு பக்கத்தை மட்டைப்பெட்டித் துண்டால் மறைத்து, வெளிச்சம் அவளுடைய கொப்பியில் மட்டும் விழும்படி வைப்பார்கள். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர் கண்ணில் வெளிச்சம் படக்கூடாது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே குழந்தை விழிக்கும். கணவன் மனைவிக்கிடையே ஒரு வார்த்தை தனிமையில் பேச வேண்டுமென்றால் தண்ணீர்ப் பீலிக்கோ விறகுக்கோதான் போக வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன. சதுர அடி, ஆட்தொகை, மலசலகூடம் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அவை தேவையானவைதான். ஆனால் இந்த நெருக்கடி ஒரு மனிதனின் மானத்தை என்ன செய்கிறது என்பதை எந்த அட்டவணையும் எனக்குச் சொன்னதில்லை. ஜோசப்பின் சில பக்கங்கள் சொல்லிவிட்டன. கூச்சத்தைத் தரும் விஷயம், கொஞ்சம் கை தவறினாலும் மலினமாகிவிடும். அவர் தகப்பனின் பக்கத்திலேயே நிற்கிறார், அவனைக் காட்டிக்கொடுக்காமலும் காப்பாற்றாமலும். அந்தக் கதையை வாசித்த இரவு எனக்கு உடனே அடுத்த கதைக்குப் போக முடியவில்லை.

இது பழைய கதை, இப்போது வீட்டுத் திட்டமெல்லாம் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எத்தனையோ தோட்டங்களில் லயங்கள் இன்னும் இருக்கின்றன; வெள்ளைக்காரன் கட்டிய சுவருக்கு நாம் தகரம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்த மீரியாபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போக வேறு வீடு இருந்திருந்தால் அந்தச் சனம் போயிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டம்தான் மண்சரிவில் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று. ‘மீன்கள்’ கதையில் அந்தத் தகப்பன் கேட்டது ஒரு வீடு. இன்றைக்கும் ஊவாத் தோட்டங்களின் முதல் கோரிக்கை அதுதான்.

இந்த நூலை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் ஜோசப்பை ஒரு துயரப் பாடகராக்கிவிடுவேன். மலையக எழுத்தில் வெள்ளைக்காரத் துரையைக் கொடுமைக்காரனாக நிறுத்திவிட்டால் பாதிக் கதை முடிந்துவிடும். ஜோசப் அந்த லேசான வழியில் போகவில்லை. அவருடைய உலகத்தில் துரை பெரும்பாலும் பங்களாவில் இருப்பார், தூரத்தில். கதையின் நடுவில் நிற்பவர்கள் நம்மவர்கள்: கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், வாத்தியார், தொழிற்சங்கத் தலைவர். ஒரு வீடு யாருக்கு, அன்றைய வேலைக்குப் பேர் போடுவது யாரை, எந்த மலையில் யாரை நிறுத்துவது என்பதையெல்லாம் அன்றாடம் முடிவு செய்தவர்கள் இவர்கள்தான். தமிழ் பேசி, ஒரே மாரியம்மன் கோயிலில் கும்பிட்டு, ஒரே சனத்தின் கையைச் சுரண்டியவர்களும் இவர்களுக்குள் இருந்தார்கள். ஜோசப்புக்கு இந்த நடுத்தட்டு உள்ளும் புறமும் தெரியும். வாத்தியார் மகன், தானும் வாத்தியார், தோட்டக் காரியாலயத்தில் பேரேடு எழுதியவர். தன் சொந்த அடுக்கைக் கேள்வி கேட்கும் துணிவு எல்லா எழுத்தாளருக்கும் வருவதில்லை. இன்றைய தோட்ட அரசியலைப் பார்த்துச் சலித்துப்போன இளைஞர்கள் இந்தக் கதைகளை வாசித்தால், தங்களுக்குத் தெரிந்த முகங்களை அதில் காண்பார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்கள் தேயிலைத் தோட்டம் என்றவுடன் ‘எரியும் பனிக்காடு’ நாவலைச் சொல்வார்கள். வால்பாறைப் பகுதியில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார், பாலாவின் ‘பரதேசி’ படத்துக்குப் பிறகு அது வீட்டுக்கு வீடு போயிற்று. நல்ல நூல். கண்ணீர் வரவழைக்கும். ஆனால் அது ஒரு வைத்தியரின் பார்வை, இரக்கத்தோடு குனிந்து பார்ப்பது. ஜோசப்பின் மனிதர்கள் யாருடைய இரக்கத்தையும் கேட்பதில்லை. கிண்டல் பேசுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், வீம்பு பிடிக்கிறார்கள், சினிமா பார்க்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் பேசும் தமிழ் நாங்கள் வீட்டில் பேசுவது. அச்சில் பார்க்கும்போது அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது, பாடப் புத்தகத் தமிழை மட்டுமே எழுத்தில் கண்ட பிள்ளைக்குப் பெரிய திறப்பு.

குறையும் சொல்ல வேண்டும். எல்லாக் கதையும் ஒரே தரம் இல்லை. பத்திரிகைப் போட்டிகளுக்கும் சிறப்பிதழ்களுக்கும் எழுதிய காலத்தின் அவசரம் சில இடங்களில் தெரிகிறது. முடிவில் கதாசிரியர் வந்து ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிடுகிறார், விட்டிருக்கலாமே என்று தோன்றும். கொழுந்துக் கூடையைத் தூக்கும் பெண்களின் உள்மனத்துக்குள் அவர் இன்னும் ஆழமாகப் போயிருக்கலாம் என்பதும் என் எண்ணம். அந்த இடத்தில் என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ எனக்கு நெருக்கமானது. ஆனால் ராமையாவை வாசிக்கவும் இதே நூல்தான் என்னை அனுப்பியது. ஒரு நல்ல நூல் தன் பக்கத்து வீட்டுக் கதவையும் திறந்துவிடும்.

அந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றிச் சொல்லும்போது பதுளைக்காரர் ஒருவரின் பெயரை மறக்கக் கூடாது. மு. நித்தியானந்தன் பதுளையைச் சேர்ந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். வைகறை என்ற பெயரில் அவர் நடத்திய சிறிய பதிப்பகம் 1979இல் ஜோசப்பின் முதல் சிறுகதைத் தொகுதியான ‘நாமிருக்கும் நாடே’, 1980இல் ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, 1981இல் சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ என வரிசையாகக் கொண்டுவந்தது. மலையக இலக்கியத்தின் மூன்று தூண்களை மூன்று ஆண்டுகளில் நிறுத்திய வேலை அது. ‘நாமிருக்கும் நாடே’ இலங்கை சாகித்திய விருது பெற்றது. ஊவாவில் பிறந்தவர் எழுதி, ஊவாவில் பிறந்தவர் பதிப்பித்த நூல் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அதே நித்தியானந்தன் எழுதி 2014இல் க்ரியா வெளியிட்ட ‘கூலித்தமிழ்’ கட்டுரை நூலை ‘மீன்கள்’ முடித்த கையோடு எடுக்கலாம். துரைமார் கூலியாட்களை ஏவுவதற்காகத் தமிழ் கற்ற கைநூல்கள் முதல், 1869இல் அச்சான ஆபிரஹாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வரை, நம் மூதாதையரைச் சுற்றி எழுதப்பட்டவை என்னவெல்லாம் சொல்கின்றன என்று நித்தியானந்தன் துருவித் துருவிப் பார்க்கிறார்.

ஜோசப்பும் வெறும் கதாசிரியராக நிற்கவில்லை. மற்றவர்களின் கதைகளைத் தேடித் தொகுப்பதில் அவர் செலவிட்ட உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வணிகரான துரை விஸ்வநாதன் தன் சொந்தப் பணத்தில் நடத்திய துரைவி பதிப்பகத்துக்காக 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்ற இரண்டு பெருந்தொகுதிகளை உருவாக்கிக் கொடுத்தார். 2000இல் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ எழுதினார். பழைய பத்திரிகைக் கட்டுகளில் தூசி தட்டிக் கோ. நடேசய்யரின் ‘ராமசாமி சேர்வையின் சரிதம்’ கதையை முன்னே கொண்டுவந்து, மலையகச் சிறுகதையின் தொடக்கம் இங்கே என்று காட்டியவர் அவர். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டு, சம்பளத்துக்காக அல்லாமல் செய்த வேலை இது. பல்கலைக்கழகத் துறை ஒன்று செய்திருக்க வேண்டியதை ஒரு மனிதர் மாலை நேரங்களில் செய்தார்.

நாவல் விரும்புகிறவர்களுக்கு இரண்டு உண்டு. 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த ‘காலங்கள் சாவதில்லை’ தோட்டத்து நாவல். 2010இல் வந்த ‘குடை நிழல்’ கொழும்பில் வாழும் மலையகத் தமிழன் சந்தேகத்தின் பேரில் பிடிபடும் கதை. இனப்பிரச்சினையை வடக்கு கிழக்கின் கதையாக மட்டும் பார்க்கிறவர்கள் இரண்டாவதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ள பெயருக்காகத் தோட்டத்து இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களில் இரவைக் கழித்த காலத்தை அவர்கள் பேசுவதில்லை. இந்த நாவல் பேசுகிறது.

இனி, நூல் கைக்கு எப்படி வரும் என்ற கேள்வி. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பதுளை நகரில் தமிழ்ப் புத்தகம் தேடிப் போனால் கடந்தகால வினாத்தாள்கள் கிடைக்கும், பயிற்சி நூல்கள் கிடைக்கும், பஞ்சாங்கம் கிடைக்கும். கதைப் புத்தகத்துக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ சொல்லிவிட வேண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து இறக்குமதியாகும் ஒரு நல்ல தமிழ் நூல் அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும். ஒரு நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்கிய உழைப்பைக் கொடுத்து, அந்த மலையைப் பற்றிய கதையை வாங்கு என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே இது பொதுக் காசில் நடக்க வேண்டிய காரியம். ஹாலிஎல பிரதேச சபை தன் நூலகத்தில் ஊவா எழுத்தாளர்களுக்கென ஒரு தட்டு ஒதுக்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பதுளை, பசறை, பண்டாரவளை நகர நூலகங்களும் செய்யலாம். ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் மாகாணத்தின் தமிழ்ப் பாடசாலைகளுக்குத் தலா ஒரு பிரதி வாங்கி அனுப்பினால், தமிழ்த்தினப் போட்டிகளில் கதை சொல்லும் பிள்ளைகள் ஊவாகட்டவளைக்காரரின் கதையையும் மேடையில் சொல்வார்கள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலையைப் பற்றிப் பட்டப்படிப்பே நடத்துகிறது. தேயிலையைப் பறித்தவர்களின் கதைகளைச் சிங்கள மாணவர்களும் வாசிக்கும்படி மொழிபெயர்த்துக் கொடுக்க அங்கே ஒருவர் முன்வந்தால் எவ்வளவு நன்மை! நம் அயலவர்களில் பலருக்கு, தினமும் பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்துவரும் தோட்டத்துப் பெண்ணின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கதையைப் போல அதைச் சொல்லக்கூடியது வேறொன்றும் இல்லை.

சபையும் திணைக்களமும் அசையும்வரை காத்திருக்க வேண்டாம். இலங்கைத் தமிழ் ஏடுகளை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம், மலையகப் பழைய நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் காசில்லாமல் வாசிக்க வைத்திருக்கிறது. கையில் போன் இல்லாத இளைஞன் இன்று எந்த லயத்திலும் இல்லை. தோட்டத்து ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நாள் பாடம் முடிந்த பிறகு ஒரு கதையை உரக்க வாசித்தால் போதும். கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு பேசி முன்பணம் கொடுக்கும் இளைஞர் மன்றங்கள், அந்தப் பணத்தில் மிகச் சிறு பங்கை ஒதுக்கினால் ‘மீன்கள்’ நூலில் சில பிரதிகள் வாங்கித் தோட்டம் முழுவதும் சுற்றவிடலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் ஆலோசனை: முதலில் தலைப்புக் கதை. அதை வாசித்து மனம் கனத்தால் ஒரு நாள் விட்டு, நூலின் மற்றக் கதைகளுக்குப் போங்கள், சிரிக்கவும் இடமிருக்கிறது. பிறகு ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியைத் தேடிப் பிடியுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாத அம்மாவோ அப்பாயியோ இருந்தால் அவர்களுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். கதையில் வரும் கணக்கப்பிள்ளை யார், அது எந்தத் தோட்டத்தில் நடந்திருக்கும் என்று அவர்கள் உங்களுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அப்போது ஒரு கொப்பியை எடுத்து அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.